சூடு கொடுத்தும் காந்த ஊசி அசையவில்லை, எங்கே தவறு?

மூன்றாம் பீரியட்
செவ்வாய், இரவு 9.40

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே, பஸ் திரும்பிப் போகிற கடைசி நிறுத்தம். ஆய்வகம் என்று தனியாக எதுவும் கிடையாது. வகுப்பின் மூலையில் ஒரு இரும்பு பீரோ, ஒரு இரும்பு மேசை, அவ்வளவுதான் எங்கள் லேப்.

போன வாரம் மின்னோட்டத்தின் விளைவுகள் நடத்தினேன். நிக்ரோம் கம்பி சூடாவதைக் காட்டினேன். அப்புறம் 1820-இல் ஆயர்ஸ்டெட் பார்த்த அதே சங்கதி: கம்பிக்கு அடியில் காம்பஸ், பேட்டரியை இணைத்ததும் ஊசி திரும்பியது. இரண்டும் ஒழுங்காக வந்தன. அதோடு மணி அடித்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். கடைசி பெஞ்சில் ஒருவன் இருக்கிறான், பரீட்சைத் தாளில் பெயரைத் தவிர எதையும் முழுசாக எழுதாதவன். அவன் எழுந்தான்.

"டீச்சர், கரண்டு போனா கம்பி சூடாகுது. அப்ப கம்பியச் சூடாக்குனா கரண்டு வரணும்லா?"

வரும், ஆனால் ஒரே உலோகத்தில் வராது, இரண்டு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் சேர்த்து வளையமாக்கி ஒரு முனையை மட்டும் சூடாக்க வேண்டும் என்றேன். 1821-இல் பெர்லினில் சீபெக் அதைக் காம்பஸ் ஊசியை வைத்துத்தான் கண்டுபிடித்தார் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு வாய் சும்மா இருக்காமல், "நாளைக்குச் செஞ்சே காட்டுதேன்" என்று சேர்த்துவிட்டேன். அந்த நாளை வந்து ஆறு நாளாகிறது.

செய்தது இது. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் செம்புக் கம்பியை உரித்து அரை மீட்டர். கான்கிரீட் வேலைக்குக் கட்டுகிற கட்டுக்கம்பி ஒரு முழம். இரண்டையும் முனைக்கு முனை கட்டிங் பிளேயரால் முறுக்கி வளையமாக்கினேன். ஒரு முறுக்கு ஸ்பிரிட் விளக்கின் மேல், மற்றது தண்ணீர்க் கிண்ணத்தில். செம்புக் கம்பியை மேசையின் நீளவாக்கில் ஓடவிட்டு அதன் கீழே காம்பஸ். பத்து நிமிடம் காய்ச்சினேன். ஊசி செத்த மாதிரி கிடந்தது.

மறுநாள் மோட்டார் வைண்டிங் கடையில் 28 கேஜ் எனாமல் கம்பி வாங்கி, காம்பஸைச் சுற்றி 50 சுற்று போட்டேன். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து எனாமலை எடுத்தேன், அதில் ஏமாறவில்லை. ஒரு சுற்றில் வராதது 50 சுற்றில் வருமல்லவா? ஊசி ஒரு நடுக்கம் நடுங்கியது. இரண்டு மூன்று டிகிரி இருக்கலாம். என் ஆசையாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. பழைய ஒற்றை வளையத்தையே திரும்ப வைத்தோம். ஊசி நன்றாக 20 டிகிரி திரும்பியது! பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வீடியோவும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஐந்து முறை செய்தும் ஊசி அசையவில்லை. விளக்கு அதே, கம்பி அதே, நானும் அதே.

ஸ்பிரிட் விளக்கின் சூடு போதவில்லையோ என்று நேற்று வீட்டு கேஸ் அடுப்பிலும் காட்டிப் பார்த்தேன். முறுக்கு செக்கச்செவேல் என்று ஆனது. பலன் பூஜ்யம்.

யாராவது இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பாடப்புத்தகப் படம் வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது.


ஈயப்பற்று
செவ்வாய், இரவு 10.15

மேடம், எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஆன்லைன்ல பெல்டியர் தகடுன்னு கிடைக்கும், நாலு சென்டிமீட்டர் சதுரம், உள்ளே ரெண்டு வேற வேற பொருள் சேர்ந்த 127 ஜோடி. ஒரு பக்கம் வெந்நீர் டம்ளர், இன்னொரு பக்கம் ஐஸ். ஒரு வோல்ட்டுக்கு மேலேயே வரும், குட்டி மோட்டார் சுத்தும். உங்க 50 சுத்துக் காயில்ல கொடுத்தீங்கன்னா ஊசி பறக்கும்.

இல்ல கம்பிலதான் செய்வேன்னா முறுக்கை விட்டுட்டு ஜாயின்ட்டை சால்டர் பண்ணிடுங்க. முறுக்குல கான்டாக்ட் இருக்காது.


மூன்றாம் பீரியட்
செவ்வாய், இரவு 10.32

தகடு நல்ல யோசனைதான் தம்பி. ஆனால் வெள்ளைத் தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பையன் கேட்பான். இரண்டு கம்பி, ஒரு தீ, ஒரு ஊசி, இதற்குள் காட்ட முடிந்தால்தான் நம்புவான். எனக்கும் இப்போது பிடிவாதம் வந்துவிட்டது.


கொதிகலன் ஓரம்
புதன், காலை 5.50

டீச்சரம்மா, நான் 31 வருஷம் அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷனில் இருந்தவன். தெர்மோகப்பிள்தான், அதாவது இரண்டு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்துச் சூட்டை அளக்கிற கருவிதான், எனக்குச் சோறு போட்டது. வரிசையாகச் சொல்ல வராது, படித்ததும் தோன்றியதை எழுதுகிறேன்.

அந்த வீடியோ எடுத்தது எந்தப் போன்? அதை எங்கே பிடித்திருந்தீர்கள்? போனின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனால் காம்பஸ் திரும்பும். நீங்கள் கைதட்டியது போனுக்கு. அடுப்பே இல்லாமல் போனை மட்டும் அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இரும்பு மேசையில் காம்பஸ் வேலை செய்யாது. முதலில் மேசையில் வைத்தால் ஊசி எந்தப் பக்கம் காட்டுகிறது, முற்றத்தில் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் காட்டுகிறது, இரண்டையும் ஒப்பிடுங்கள். அதோடு உங்கள் மேசை எந்தத் திசையில் கிடக்கிறது? கம்பி வடக்கு தெற்காக, ஊசிக்கு இணையாகப் போக வேண்டும். கிழக்கு மேற்காகப் போனால் கம்பியின் காந்தப்புலமும் வடக்கு தெற்காகவே விழும். ஏற்கெனவே வடக்கே பார்த்து நிற்கிற ஊசியை அது எங்கே திருப்பும்?

இன்னொன்று, உங்கள் வளையத்தில் பாதி இரும்பு. இரும்புப் பாதி காம்பஸ் பக்கமே வரக்கூடாது. முக்காலியும் இரும்பென்றால் அதைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு செங்கல் வையுங்கள்.

சால்டர் வேண்டாம் தம்பி. வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். தீயில் காட்டினால் சொட்டுச் சொட்டாக விளக்குத் திரியில் விழும். நாங்கள் முனைகளை வெல்டு வைப்போம். பள்ளிக்கூடத்துக்குப் பித்தளை போல்ட் நட் போதும். நடுவில் மூன்றாவது உலோகம் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அந்த போல்ட் முழுக்க ஒரே சூட்டில் இருந்தால் கணக்கில் வராது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் மல்டிமீட்டர் ஒன்று கடன் வாங்குங்கள். 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, தண்ணீரில் இருக்கிற முறுக்கைப் பிரித்து நடுவில் மீட்டரைப் போடுங்கள். என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். எங்கள் வேலையில் முதல் பாடம் இதுதான்: சிக்னல் பிறக்கவே இல்லையா, பிறந்து வழியில் செத்ததா?


மூன்றாம் பீரியட்
புதன், மாலை 6.20

ஐயா, கும்பிடுகிறேன். போன்தான். விளக்கைப் பற்ற வைக்காமலே போனைக் கொண்டுபோனேன், சொல்லி வைத்த மாதிரி 20 டிகிரி. தலைமையாசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

மேசை கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறது. அது மட்டுமா, அதன் மேல் வைத்தால் வடக்கே வடகிழக்காகிவிடுகிறது. எத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குத் திசை தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனோ.

மீட்டர் கணக்கு. எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் வாங்கிவந்தேன். ஸ்பிரிட் விளக்கில் மெல்ல ஏறி 1.1, 1.2 மில்லிவோல்ட் என்று நின்றது. ஆக, பிறக்கிறது! சந்தோஷத்தில் கேஸ் அடுப்பில் வைத்தேன். 1.3 வரை போனது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. 1.0, 0.6, 0.2. முறுக்கு சிவந்தபோது கழித்தல் குறியோடு 0.3. அடுப்பை அணைத்ததும் மறுபடி ஏறி 1.3, திரும்ப இறங்கிப் பூஜ்யம். மீட்டர் பழுது என்று அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை ஒரு பேட்டரியில் வைத்துக் காட்டினார், சரியாகத்தான் இருக்கிறது.


தொடுகோடு
புதன், இரவு 9.05

கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். டீச்சர், நீங்கள் பழுது என்று நினைத்தது இந்தச் சோதனையின் மிக அழகான பகுதி. செம்பு இரும்பு ஜோடியில் சூடு ஏற ஏற மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகாது. முனை ஏறக்குறைய 270 டிகிரி செல்சியசைத் தொடும்போது உச்சம். அதுதான் நடுநிலை வெப்பநிலை. அதைத் தாண்டினால் இறங்கும். குளிர்முனை 30 டிகிரியில் இருந்தால் 510 வாக்கில் பூஜ்யமாகி, அதற்கு மேல் திசையே மாறிவிடும். அடுப்பை அணைத்தபோது அதே மலையில் மறுபக்கமாக ஏறி இறங்கியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் இந்த வளைகோட்டை எல்லோரும் வரைந்திருப்போம். நான் எம்.எஸ்சி. வரை வரைந்தேன், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் சமையலறையில் பார்த்துவிட்டீர்கள்.

ஆகவே, சிவக்கச் சிவக்கக் காய்ச்சியது உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது.

இப்போது ஊசிக் கணக்கு. 1 ஆம்பியர் ஓடுகிற நேர்க்கம்பி 1 சென்டிமீட்டர் தள்ளி 20 மைக்ரோடெஸ்லா புலம் தரும். உங்கள் ஊரில் பூமியின் கிடைத்தளப் புலம் ஏறக்குறைய 40. இருபதை நாற்பதால் வகுத்தால் அரை, அரைக்கு டேன் தலைகீழ் எடுத்தால் 26 டிகிரிக்குச் சற்று மேல். 1 ஆம்பியர் கிடைத்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

உங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு? ஒரு முழம் கட்டுக்கம்பிக்கு ஏறக்குறைய 80 மில்லிஓம் இருக்கும். செம்புக்கு ஐந்தாறு. முறுக்குகள் கச்சிதம் என்றே வைத்துக்கொண்டாலும் 1.3 மில்லிவோல்ட்டுக்கு 15 மில்லிஆம்பியர். ஊசி அரை டிகிரிகூடத் திரும்பாது. காம்பஸ் முள்ளின் உராய்வே அதைத் தின்றுவிடும்.

50 சுற்று போட்டதற்கு வருகிறேன். பேட்டரியாக இருந்தால் நீங்கள் செய்தது சரி. இங்கே சரியில்லை. 28 கேஜ் கம்பியில் ஒரு சுற்றுக்கு 23 மில்லிஓம் வீதம் தடையும் கூடவே வருகிறது. சுற்று கூடக் கூட மின்னோட்டமும் குறைந்துகொண்டே போகிறது. போட்டுப் பார்த்தேன்: 5 சுற்றுக்கு 2 டிகிரி, 50 சுற்றுக்கு 3 டிகிரி. 500 போட்டாலும் மூன்றரையைத் தொடாது. நீங்கள் பார்த்த நடுக்கம் ஆசை இல்லை, நிஜம்தான். ஆனால் அந்த வழியில் அதற்கு மேல் போக முடியாது.

வோல்ட்டைக் கூட்ட முடியாது என்றால் ஓமைக் குறைக்க வேண்டும். மெல்லிய கம்பியை மறந்துவிடுங்கள். பட்டை பட்டையாக, கட்டையும் குட்டையுமாக எடுங்கள். சீபெக்கின் கருவியில் இருந்தவையும் பட்டையான உலோகத் துண்டுகள்தான். அவரிடம் பிஸ்மத் என்கிற உலோகம் வேறு இருந்தது. செம்போடு சேர்ந்தால் டிகிரிக்கு 80 மைக்ரோவோல்ட் போலத் தரும், முனையைக் கையால் அழுத்திப் பிடித்த சூட்டுக்கே ஊசி அசைந்தது. நமக்குப் பிஸ்மத் வேண்டாம். பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி ஏதாவது இருந்தால் யுரேகா கம்பி கேளுங்கள், கான்ஸ்டன்டன்தான் அது. செம்போடு டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் தரும். அடுப்பில் வைத்தாலும் திசை மாறாது. இரும்பைப்போல் ஊசியை இழுக்காது. தடை அதிகம், அதனால் ஒற்றை இழை போதாது. பத்து இழையைச் சேர்த்துக் கட்டாகப் போடுங்கள்.

ஒரு ஓரக் குறிப்பு, உங்கள் ஊர்க்காரர்களுக்காக. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கிற காந்த நடுக்கோடு உங்கள் பக்கமாகத்தான் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதை ஒட்டித்தான். அங்கே பூமியின் புலம் முழுக்கப் படுத்துக் கிடப்பதால் ஊசியை வடக்கே பிடித்திழுக்கிற பலம் அதிகம். பெர்லினில் கிடைத்தளப் புலம் இதில் பாதிகூட இல்லை. அதே மின்னோட்டத்துக்கு அங்கே 45 டிகிரி திரும்புகிற ஊசி திருநெல்வேலியில் 26-தான் திரும்பும். சீபெக்குக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இந்தப் பிடியைத் தளர்த்தவும் வழி உண்டு. காம்பஸுக்கு வடக்கே ஓரடி தள்ளி ஒரு சட்டக் காந்தத்தை, அதன் வட முனை காம்பஸைப் பார்க்கும்படி வைத்து மெல்ல மெல்ல நெருக்குங்கள். பூமியின் புலத்தில் ஒரு பகுதியை அது அடித்துவிடும். ஊசி சோம்பேறியாக, மெதுவாக ஆட ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் நெருக்கினால் தலைகீழாகப் புரண்டுவிடும்.

சீபெக் தன் வாழ்நாளில் இதில் மின்சாரம் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ளவே இல்லை, சூடே உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று நின்றார். மின்னோட்டம்தான் என்று சொன்னவர் ஆயர்ஸ்டெட். உங்கள் பையன் எடுத்த எடுப்பிலேயே "கரண்டு வரணும்லா" என்று கேட்டிருக்கிறான். அவனிடம் இதையும் சொல்லலாம்.


கொதிகலன் ஓரம்
வியாழன், காலை 5.40

பேராசிரியர் சொன்ன "கட்டையும் குட்டையும்" என்பதற்கு ஒரு சாட்சி. பைலட் சுடர் என்கிற சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கிற ஹோட்டல் அடுப்பு, பேக்கரி அவன் இதிலெல்லாம் ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி பற்றவைத்து, பத்துப் பதினைந்து வினாடி கழித்துத்தான் விட வேண்டும். சீக்கிரம் விட்டால் அணைந்துவிடும். ஏன் தெரியுமா? சுடருக்குள் ஒரு தெர்மோகப்பிள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது சூடாகி 20, 30 மில்லிவோல்ட் கொடுத்ததும் வால்வுக்குள் இருக்கிற குட்டி மின்காந்தம் உயிர்பெற்று வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். சுடர் அணைந்தால் சூடு போச்சு, கரண்டு போச்சு, காந்தம் போச்சு, ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது.

அந்த மின்காந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தடிமனான செம்பு, விரல்விட்டு எண்ணுகிற சுற்றுகள், அவ்வளவுதான். மெல்லிய கம்பியில் ஆயிரம் சுற்று போட்டிருந்தால் வேலைக்கே ஆகாது. அப்படியும் அதற்கு வால்வை இழுக்கிற பலம் இல்லை, கை அழுத்திக் கொடுத்ததைப் பிடித்துக்கொள்ளத்தான் முடியும். குமிழை நாம் அழுத்துவது அதற்காகத்தான்.

எங்கள் தெருமுனைப் பரோட்டா மாஸ்டர் தினமும் உங்கள் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார், டீச்சரம்மா.


மூன்றாம் பீரியட்
அடுத்த செவ்வாய், இரவு 8.50

வந்துவிட்டது. போன் அடுத்த அறையில் இருந்தது, சத்தியமாக.

எர்த் போடுகிற செம்புப் பட்டை, ஒரு அங்குல அகலம், 3 மில்லிமீட்டர் கனம், ஒரு அடித் துண்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. நிறுத்து 150 ரூபாய் வாங்கினார். பட்டறையில் கொடுத்துக் கவிழ்த்துப்போட்ட "ப" மாதிரி வளைத்துக்கொண்டேன். மேல்நிலைப் பள்ளி லேப் உதவியாளர் ஒரு பழைய ரீலில் இருந்து 22 கேஜ் யுரேகா கம்பி வெட்டிக் கொடுத்தார். பத்து இழையை ஒரு கட்டாக்கி "ப"வின் இரண்டு காலுக்கும் நடுவே, கீழே, குறுக்காகக் கட்டினேன். நடுவில் அட்டைமேல் காம்பஸ். செம்பு மேலே போகிறது, யுரேகா கீழே வருகிறது, ஊசி இரண்டுக்கும் இடையில். மொத்தத்தையும் வகுப்புத் தரையில் செங்கல்மேல் வைத்து, பட்டையை ஊசிக்கு இணையாகத் திருப்பிவிட்டேன்.

முதல் தடவை இங்கேயும் மடத்தனம். போல்ட் இரும்பு. ஊசி போல்டைப் பார்த்து நின்றுகொண்டது. ஐயா பித்தளை என்று எழுதியிருக்கிறாரே என்று ஒரு பெண்தான் நினைவுபடுத்தினாள். உங்கள் பதில்களை வகுப்பில் வாசித்துக் காட்டியிருந்தேன். எலெக்ட்ரீஷியன் அண்ணனின் பழைய சுவிட்ச் பெட்டியிலிருந்து நான்கு பித்தளை போல்ட் கிடைத்தது. செம்பையும் யுரேகாவையும் பளபளவென்று தேய்த்துவிட்டு முறுக்கினோம். இந்தத் தேய்ப்பு முக்கியம். தேய்க்காமல் ஒரு தடவை செய்தோம், அதற்கும் இதற்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

ஒரு முனையில் ஈரத் துணி, மறுமுனையில் சின்ன கேஸ் பர்னர். குளிர்முனை போல்ட்டைக் கழற்றி வைத்து முதலில் மீட்டரில் பார்த்தேன்: 6.4 மில்லிவோல்ட். கட்டுக்கம்பியில் வந்ததைப்போல் ஐந்து மடங்கு. போல்ட்டைப் பூட்டினேன். ஊசி நகர ஆரம்பித்தது. துள்ளவில்லை. பேட்டரியில் காட்டியபோது வெடுக்கென்று திரும்பியதே, அப்படி இல்லை. வெயில் நகர்கிற மாதிரி நகர்ந்தது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. 15-இல் நின்றது. யாரும் கைதட்டவில்லை. போன தடவை ஏமாந்ததால் எல்லோரும் என் கையையும் சட்டைப்பையையும் பார்த்தார்கள்.

"இன்னும் பத்து இழை போட்டா என்ன டீச்சர்?" என்றான் ஒருவன். போட்டோம். 25 டிகிரி. இழையை இரட்டித்தால் கோணமும் சரியாக இரட்டிக்காதா என்று கேட்டான். போல்ட் முனைகளின் தடை அப்படியே இருக்கிறதே என்று சமாளித்தேன், டேன் கணக்கும் உண்டு என்று பிறகுதான் உறைத்தது. தொடுகோடு சார் திருத்தினால் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பர்னரை அணைத்தால் ஊசி உடனே திரும்பவில்லை. பட்டை ஆற ஆற ஏழெட்டு நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்தது. எனக்கு இதுதான் நெருப்பையும் விடப் பிடித்தது. தீ இல்லை, பேட்டரி இல்லை, ஆனால் பட்டையில் இன்னும் சூடு இருக்கிறது, ஊசி அதை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் பர்னரை மறுமுனைக்கு மாற்றினோம், ஊசி எதிர்ப்பக்கம் போனது. அப்போதுதான் கைதட்டல்.

அடுத்த நாள் காலையில் மீன் வண்டிக்காரரிடம் ஒரு கட்டி ஐஸ் வாங்கிவந்தார்கள். மீன் வாசனையோடு அதை ஒரு முனையில் வைத்தோம். தீயே இல்லை. ஊசி 5 டிகிரி திரும்பியது, அதுவும் அந்த முனையைக் காய்ச்சும்போது போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். சட்டக் காந்தத்தை வடக்கிலிருந்து நெருக்கிப் பார்த்தோம், அதே ஐஸுக்கு 16. இரண்டு தடவை புரண்டு விழுந்தது, மூன்றாம் தடவை பிடி கிடைத்தது.

கடைசி பெஞ்ச் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தான். மணி அடித்துப் பையை எடுக்கும்போது கேட்டான்:

"டீச்சர், சூட்டுக்குக் கரண்டு வருது, சரி. இதே பட்டையில நாம பேட்டரிய வச்சுக் கரண்டு விட்டா, ஒரு முனை ஐஸ் ஆகுமா?"

இந்தத் தடவை "நாளைக்கு" என்று சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.


தொடுகோடு
அடுத்த செவ்வாய், இரவு 9.30

போல்ட் முனை, டேன், இரண்டும் சரி டீச்சர். கூடவே கட்டு தடித்தால் அது வழியாகக் குளிர்முனைக்குக் கசிகிற சூடும் கொஞ்சம் கூடும்.

பையனுக்குப் பதில்: ஆகும். 1834-இல் பெல்டியர் கண்டது அது. 1838-இல் லென்ஸ் பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேர்கிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை உறையவைத்தே காட்டினார். ஆனால் உங்கள் பட்டையில் தெரியாது. 1 ஆம்பியருக்கு முனையில் உறிஞ்சப்படும் சூடு 13 மில்லிவாட் அளவுதான், கட்டு சூடாவதில் அது அடிபட்டுப் போகும்.


மூன்றாம் பீரியட்
அடுத்த செவ்வாய், இரவு 9.41

ஈயப்பற்று தம்பி, அந்த வெள்ளைத் தகடு என்ன விலை வரும்?


ஈயப்பற்று
அடுத்த செவ்வாய், இரவு 9.44

என்கிட்ட ரெண்டு சும்மா கிடக்கு அக்கா, கொரியர்ல போடுறேன், முகவரி தனிச்செய்தில அனுப்புங்க. சூடாகுற பக்கத்துல அலுமினியத் தகடு ஏதாவது ஒட்டாம பேட்டரி கொடுத்துடாதீங்க, கருகிடும். எந்தப் பக்கம் சில்லுன்னு ஆகும்னு நான் சொல்லலை, அந்தத் தம்பியே தொட்டுப் பார்க்கட்டும்.